மணலில் காணாமல் போன சாணம்

பக்கத்துத் தோட்டத்து மண்ணை அள்ளி, அதில் என் மாட்டின் வாசனை வருகிறதா என்று மோந்து பார்த்தவன் நான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. வருவதாக வேறு தோன்றியது.

கடியப்பட்டணம் பக்கம் கடற்கரை மணல்மேட்டில் மனைவி வழியில் கொஞ்சம் நிலம் வந்தது. அதில் தென்னங்கன்று வைத்தேன். நான் தோவாளைப் பக்கத்து வயல்காரன். வயலில் நாலு களை நின்றாலே எங்கள் ஊர் சிரிக்கும். அந்தப் பழக்கத்தில், மணலில் படர்ந்து கிடந்த அடும்பங்கொடியையும், முள்ளாய்க் குத்தும் ராவணன் மீசைப் புல்லையும் வேரோடு பிடுங்கி, கல்யாண வீட்டு முற்றம்போல் ஆக்கினேன். பிறகு ஊரிலிருந்து சாணம் கொண்டுவந்து கன்றுகளின் அடிமூட்டில் கொட்டினேன்.

எனக்குக் கிணறு கிடையாது. பக்கத்துத் தோட்டக்காரர், வளைகுடாவில் இருந்து திரும்பியவர், தன் மோட்டாரிலிருந்து குழாய் இழுத்துச் சும்மாவே தண்ணீர் விட்டார். அது நின்றால் என் கன்றுகள் கருகிப்போகும்.

ஆனால் சாணம் மாயமாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை போகும்போதும் வெறும் மணல்தான். கன்றுகள் மஞ்சளடித்து நின்றன. அவர் தென்னைகளோ கரும்பச்சை. அவர் ஒரு கூடை உரம் வைத்து நான் பார்த்ததில்லை. போதாக்குறைக்குப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "என்ன வே, சாணம் கொண்டாந்தாச்சா?"

அவருக்கு எதற்கு அந்தக் கவலை? சும்மா தண்ணீர் தருகிற மனுசனை எப்படி நம்புவது?

மனைவியிடம் சொன்னேன். "சாணத்தப் போயி எவனாவது களவாங்குவானா? பேசாம சோலியப் பாருங்க" என்றாள். இவள் ஏன் அவருக்குப் பரிந்து பேசுகிறாள் என்று அடுத்த சந்தேகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து வேலி தாண்டினேன். அவர் தென்னை மூட்டில் கொடியை விலக்கித் தோண்டினால், கருத்த, ஈரமான மண். ஆள் அகப்பட்டார்! அப்போதுதான் அந்த மோப்பம். விரலால் உதிர்த்துப் பார்த்தபோது சாணத்தின் துணுக்குகூட இல்லை. பாதி மக்கிய அடும்பு இலையும் புல்வேரும்தான்.

நிமிர்ந்து கடலைப் பார்த்தேன். அலையை ஒட்டி ராவணன் மீசை மணலை இறுக்கிப் பிடித்துக் கிடந்தது. இப்புறம் கொடி, அதற்கும் இப்புறம் புதர், கடைசியில்தான் மரம். முன்னால் வந்தது மக்கி, பின்னால் வருவதற்குச் சோறு போட்டிருக்கிறது. அந்தப் பந்தியில் பரிமாறுகிறவர்களைத்தான் நான் பிடுங்கி எறிந்திருக்கிறேன். மொட்டை மணலில் கொட்டிய சாணத்தில் பாதி காற்றோடு போயிருக்கும். மீதிச் சத்து தண்ணீரோடு ஆழத்துக்கு இறங்கியிருக்கும்.

"வே, அங்க என்ன தோண்டுதீரு?"

வேலியோரம் அவர், கையில் பைபிளோடு. மூக்கில் மண் ஒட்டியிருக்க எனக்குப் பொய் வரவில்லை. "இல்ல... எனக்க சாணம் இங்க வந்திருக்கோன்னு..."

அவர் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "எனக்கு நடுவலி வே. குனிய வய்யாது, அதான் களை புடுங்கல்ல. அதுக்கு என்னைக் களவாணி ஆக்கிட்டீரு, என்னா?"

மறுநாள் குழாயை உருவியிருப்பார் என்று பயந்துகொண்டே போனேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நன்றி சொல்ல அவர் வாசலில் போய் நின்றேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"தென்னை என்ன செஞ்சுது, அதுக்குத் தண்ணி விடுதேன். நீரு இனி இந்த நடையில ஏறப்பிடாது."