முழங்கை இல்லாத படம்

எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அக்காவுக்கு ‘இன்னொண்ணு’ என்று பட்டப்பெயர் வைத்த பெருமை என்னையே சேரும். பக்கத்து அறையில் மாவுக்கட்டு போடுகிறவன் நான். முன்கை வலி என்று யார் வந்தாலும், மணிக்கட்டும் முழங்கையும் படத்தில் விழாமல் அக்கா விடமாட்டாள். அடங்காவிட்டால் இன்னொண்ணு எடுப்பாள். வரிசை வாசல்வரை நீளும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பஸ் ஏறியபின் இறங்கிப்போய் அடுப்பை அணைத்தோமா என்று பார்த்துவிட்டு வருவாள் என அவள் புருஷனே என்னிடம் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார்.

ஒருநாள், ஏணியிலிருந்து விழுந்த பூட்டு ரிப்பேர்காரர் ஒருவர் வெளியே எடுத்த படத்தோடு வந்தார். முன்கையில் ஓர் எலும்பு முறிந்திருந்தது எனக்கே தெரிந்தது. டியூட்டி டாக்டர் கட்டு போடச் சொல்லிவிட்டார். மாவுத்துணியை நனைத்துவிட்டேன். அப்போதுதான் பஞ்சு கேட்டு வந்த அக்கா, படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“முழங்கை எங்க?”

“அவர் கையிலதான்க்கா இருக்கு” என்றேன். நனைத்த மாவு எனக்காகக் காத்திருக்காதே.

“ஜோடி எலும்பு தம்பி. ஒண்ணு உடைஞ்சு மடங்குனா மத்தது சும்மா இருக்குமா? மூட்டப் பாக்காம கட்டாத.”

டாக்டர் முகம் சுளித்தார். அக்கா அசையவில்லை, இன்னொண்ணு எடுத்தாள். உடையாத எலும்பின் தலை முழங்கை மூட்டிலிருந்து நழுவி நின்றது. அப்படியே கட்டியிருந்தால் முறிவு சேர்ந்திருக்கும், கைதான் திரும்பியிருக்காது. சாவி திருப்பிப் பிழைக்கிற மனுஷர்! மாவுத்துணி வாளியிலேயே கல்லாகிப்போனது.

ஆபரேஷனில் முறிந்த எலும்பை நேராக்கித் தகடு வைத்ததும், நழுவியது தானாகவே இடத்துக்கு வந்துவிட்டதாம். ஆனால் உள்ளங்கை முழுசாக மேலே திரும்புமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. பயிற்சிக்கு வரும்போதெல்லாம் அவர் கையைத் திருப்பி அக்காவிடம் காட்டிவிட்டுப் போவார். பாதிதான் திரும்பும். அக்காவுக்கு அன்று முழுக்க வேலை ஓடாது.

நாலாவது மாதம் ஒரு கம்பியோடு வந்தார். அக்காவின் அலமாரிப் பூட்டு இரண்டு வருஷமாகச் சிக்கிக் கிடந்தது, உதைத்தால்தான் திறக்கும். கம்பியை நுழைத்து, அடிபட்ட கையாலேயே மெல்லத் திருப்பினார். திறந்துகொண்டது.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“இன்னொரு தடவ திறந்து காட்டுங்கண்ணே.”

அவர் பூட்டிவிட்டு மறுபடி திறந்தார். வரிசை வாசல்வரை நின்றது. நானும் “இன்னொண்ணு” என்றேன்.