மருந்துக்குப் பழகிய பங்கசு

மகளுக்கு எந்த நாளில் இருமல் தொடங்கியது என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. அவள் அதை மறைத்து வைத்திருந்தாள். இருமல் வரும்போது குழாயைத் திறந்துவிடுவாள். தண்ணீர்ச் சத்தத்தில் அது அமுங்கிப்போகும். நான் குசினி அடுப்படியில் நின்றபடி, பிள்ளை அடிக்கடி கை கழுவுகிறாள், நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. என் சிறுநீரகங்களில் ஒன்றை அவளுக்கு வைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

புதிதாக வந்த உறுப்பை உடம்பு அந்நியமென்று எண்ணித் தாக்கும். அதைத் தடுக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைப்பார்கள். அடக்கினால் மற்ற நோய்களுக்கு வழி திறந்துவிடும். நான் வேலணையில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். இதெல்லாம் எனக்கு விளங்கும். விளங்கியதால் பயமும் கூடுதலாக இருந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்தேன், பச்சைக் காய்கறியை நிறுத்தினேன், மாமரத்தடிப் பூச்சாடிகளை அப்புறப்படுத்தினேன். எல்லாவற்றையும்விட மனிதர்களுக்குத்தான் பயந்தேன்.

எங்கள் ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரியால் வந்தால், பிஸ்கற் பெட்டியும் தோடம்பழமுமாக ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். நான் எல்லோரையும் வாசல் படலையில் மறித்தேன். கணவரின் தமக்கை மடத்துவெளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். அவரையும் விடவில்லை.

"நான் என்ன கிருமியே? பிறந்தண்டு தூக்கின பிள்ளை அவள்."

"கோவியாதேங்கோ மச்சாள். ஜன்னலுக்குள்ளாலை பாத்துக் கதையுங்கோ."

"ஜன்னலுக்குள்ளாலை பாக்க அவளென்ன மிருகக்காட்சிச்சாலையிலையே இருக்கிறாள்?"

ஆனாலும் ஜன்னலடியில் நின்று அரை மணித்தியாலம் கதைத்துவிட்டுத்தான் போனார். இனி யாரும் ஜன்னலுக்கும் வரக்கூடாது என்று, அன்றே மகளைப் பின்னறைக்கு மாற்றினேன்.

பின் விறாந்தையின் கூரை வளையில் விதை வெங்காயம் தொங்கியது. வீட்டுக்குப் பின்னாலுள்ள தோட்டத்தில் கணவர் வெங்காயம் செய்கிறார். அறுவடையில் நல்லதாகப் பார்த்து அடுத்த போகத்துக்கு எடுத்து, பிடி பிடியாகக் கட்டித் தொங்க விடுவது வழக்கம். இடைக்கிடை இறக்கி, அழுகியதைக் கழித்துவிட்டுத் திரும்பவும் கட்ட வேண்டும். இருந்த இடத்திலிருந்து செய்கிற வேலை.

"அம்மா, சுவரைப் பாத்துப் பாத்துச் சுவரும் என்னோடை கதைக்கத் தொடங்கீட்டுது" என்றாள் மகள் ஒரு பின்னேரம்.

"பின் விறாந்தையிலை அப்பாவோடை போய் இரு. அங்கை ஒருத்தரும் வரமாட்டினம்."

அப்படித்தான் சொன்னேன். எங்கள் கண்ணில் வெங்காயம் சாப்பாட்டுச் சாமான், வருமானம், வீட்டின் ஓர் ஆள் மாதிரி. அதை நோயோடு சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவேயில்லை. பழைய பாணில் பூஞ்சணமாகப் பூக்கும் பங்கசைக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகிற எனக்கு.

முகக்கவசத்தை நாடிக்கு இறக்கிவிட்டு, அவள் தகப்பனோடு கதைத்துக்கொண்டே சருகு உரித்தாள். சில வெங்காயங்களின் தோலுக்குள் கரித்தூள் போலக் கறுப்பாகப் படிந்திருந்தது. அதை விரலால் தொட்டுத் தகப்பனின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள். "நாவூறு படாமல் இருக்கட்டும், வடிவான மனுசன்" என்றாள். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். மாதக்கணக்கில் அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புக் கேட்டிருக்கவில்லை. நான் போனில் படமெடுத்து மச்சாளுக்கு அனுப்பினேன். அதன்பிறகு அந்த வேலைக்கு அவளும் கூடவே இருந்தாள்.

காய்ச்சல் வந்தபிறகுதான் இருமல் வெளியே தெரிந்தது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படமெடுத்தார்கள். வலது நுரையீரலில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. பங்கசு என்றார்கள். அதற்கென்று குளிசை இருந்தது, கொடுத்தார்கள். இரண்டு கிழமை போயும் காய்ச்சல் இறங்கவில்லை, திட்டும் பெருத்தது. சளியைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்ததில், அந்தக் குளிசைக்கு இந்தப் பங்கசு அசையாது என்று முடிவு வந்தது.

வைத்தியர் என் மாணவி வயதுள்ள பெண். எங்களை இருத்திவைத்துக் கேட்டார்.

"வீட்டிலை தோட்டம் இருக்கோ ஐயா?"

"ஓம், வெங்காயம்."

"அதுக்கு என்ன அடிக்கிறனீங்கள்?"

தன் தொழிலைப் பற்றிக் கேட்டதும் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னார். இலை கருகினால் பங்கசு மருந்து அடிப்பாராம். மழைக் காலத்தில் கிழமைக்கு ஒருதரம். தன்னுடைய பாத்தியில் ஒரு இலைகூடக் கருகாதாம்.

வைத்தியர் மெதுவாகச் சொன்னார். "அப்பிடி அடிக்கிற மருந்துகளிலை சிலதும் நான் குடுத்த குளிசையும் ஒரே குடும்பம். தோட்டத்திலையும் குப்பையிலையும் அந்த மருந்துக்குப் பழகித் தப்பின பங்கசு, இந்தக் குளிசைக்கும் தப்பும்."

"அப்ப என்ரை வெங்காயத்தாலையோ டொக்டர்?"

"அப்பிடிச் சொல்லேலாது ஐயா. காத்திலை எங்கையும் இருக்கிற சாமான். எங்கையிருந்து வந்ததெண்டு ஆராலும் சொல்லேலாது."

கணவர் அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை. பஸ் பண்ணைப் பாலத்தைத் தாண்டும்வரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நீர் போனிலை இருக்கிற அந்தப் படத்தை அழிச்சுவிடும்."

"அவளை அங்கை போய் இருக்கச் சொன்னது நான்தானே" என்றேன். படத்தை நான் அழிக்கவில்லை.

மிச்சமாக ஒரு வழி இருந்தது. நரம்பால் ஏற்றுகிற வேறொரு மருந்து. அது பங்கசைக் கொல்லும். ஆனால் சிறுநீரகத்தையும் வருத்தும். அத்தோடு, எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்தையும் குறைக்க வேண்டும். உயிரைப் பார்த்தால் சிறுநீரகம் போகலாம், சிறுநீரகத்தைப் பார்த்தால் உயிர் போகலாம். எங்களுக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. மகள்தான் ஏலாது என்றாள்.

"இருமலை ஏன் மறைச்சனான் தெரியுமே? மருந்தைக் குறைப்பினம் எண்டுதான். அது உங்கடை கிட்னி அம்மா. உங்களை வெட்டி எடுத்தது. ஒரு வருசம்கூட வைச்சிருக்கத் தெரியேல்லை எனக்கு."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதால் அவள் இன்னும் பிடிவாதம் பிடிப்பாள் என்று தெரியும்.

"என்ரையெண்டு ஆர் சொன்னது? குடுத்தாச்சு. குடுத்த சாமானை நான் திருப்பிக் கேட்டனானே?"

"பழுதாக்கினால் ஏசமாட்டியளே?"

"ஏசுவன். உன்னை முன்னாலை வைச்சு ஏச நீ இருக்க வேணும்."

கட்டிலில் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தால் கையை மட்டும் பின்னுக்கு நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். அடுத்த நாள் காலை மருந்து ஏற்றத் தொடங்கினார்கள்.

ஏறும்போது அவளுக்கு நடுக்கம் வரும். இரண்டு போர்வை போர்த்துக் காலைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு காலையும் இரத்தம் எடுத்துப் போவார்கள், மத்தியானம் சிறுநீரகத்தின் நிலை தெரியும். இரண்டு கிழமை அது கீழே போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஒரு இடத்தில் நின்றது. அது நின்ற மத்தியானம், வைத்தியர் தாளைக் காட்டிவிட்டு எங்களுக்கு முன்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். திட்டு மெல்லச் சுருங்கியது.

ஆறு கிழமையால் வீட்டுக்கு வந்தோம். சிறுநீரகம் முந்தி மாதிரி இல்லை, ஆனாலும் வேலை செய்கிறது. எத்தனை காலத்துக்கு என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அவள் இருமினால், தும்மினால், நான் இப்போதும் செய்கிற வேலையை விட்டுவிட்டு எழும்பிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்தபிறகும் கணவர் மகளின் அறைக்குள் போகவில்லை. வளையில் கிடந்த வெங்காயத்தை எல்லாம் தூரக் காணியில் குழி வெட்டித் தாட்டிருந்தார். கிணற்றடியில் குளிப்பார், தோய்த்த சாரம் கட்டுவார், பிறகு வந்து கதவு நிலையோடு நின்று, "சாப்பிட்டியே பிள்ளை?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். மூன்றாம் நாள் மகளுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, உள்ளுக்கு வாங்கோ."

"இல்லை பிள்ளை, நான் இதிலை நிக்கிறன்."

"நீங்கள் பங்கசு இல்லை அப்பா. வந்து இருங்கோ."

கதிரையை நான் இழுத்துப் போட்டேன். அவர் தன் விரல்களை ஒருதரம் பார்த்துவிட்டு, கதிரை விளிம்பில் உட்கார்ந்தார். அவள் தன் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து அவருக்குக் கட்டிவிட்டாள். காதோரம் நாடா திருகியிருந்தது. அதை நேராக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவர் அசையாமல் இருந்தார்.