தூணோரத்து மூட்டை

“இதுல நல்லாத் தெரியுதா, இல்ல இதுலயா?” என்று கேட்டுக்கொண்டே கண்ணாடிக்காரர், வந்தவரின் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் கனத்த இரும்புச் சட்டத்தில் வில்லையை மாற்றிச் செருகுகிறார். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை இருக்க வேண்டிய இடத்தில், போர்வை அகலத்துக்கு ஒரு புகைப்படம் தொங்குகிறது. ரயில் நிலைய வாசல், கூட்டம், ஒரு தூண், தூணோரம் நிற்கும் ஒருவரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். “எழுத்தெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அந்த ஆள் குனிஞ்சு எதப் பாக்குறான், அதச் சொல்லுங்க.”

கடிகாரம் என்று சொல்லும் வரை வில்லை மாறிக்கொண்டேயிருக்கும். எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேருக்குத் தேவைக்கு மேல் பவர் ஏறிப்போனதற்கு இதுதான் காரணம். அவர் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன ஒருவர், சுவரிலிருந்த பல்லியை முதலை என்று நினைத்து அன்றே வாடகை வீட்டைக் காலி செய்தார். நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம், அந்த வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.

சென்ற ஆண்டு அந்த ரயில் நிலைய வாசலில் குண்டு வெடித்தது. இருவர் இறந்தார்கள், பலருக்குக் காயம். வைத்தவர்கள் பிடிபட்டார்கள், ஒப்புக்கொண்டார்கள், வழக்கு நடக்கிறது. மற்றவர்களுக்கு அது போதுமாக இருந்தது. கண்ணாடிக்காரருக்குப் போதவில்லை. அன்று காதலியை வாசலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனின் இரண்டு படங்கள் பத்திரிகையில் வந்தன. ஒன்று வெடிப்பதற்குச் சற்று முன்பு எடுத்தது, மற்றது வெடித்த உடனே அவன் கை தானாக அமுக்கியது. அந்தப் பெண்ணும் பிழைத்தாள், அவனும் பிழைத்தான். படங்கள்தான் இவரிடம் மாட்டிக்கொண்டன.

இரண்டையும் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பெரிதாக்கினார், பெரிதாக்கியதை மேலும் பெரிதாக்கினார். மனிதர்கள் எல்லாம் கடுகுப் புள்ளிகளாகச் சிதறிய பிறகுதான் அவருக்கு உண்மை புலப்பட ஆரம்பித்தது. முதல் படத்தில் தூணோரம் ஒருவன் மணிக்கட்டைப் பார்க்கிறான். இரண்டாவதில் அவன் இல்லை, அவன் நின்ற இடத்தில் ஒரு மூட்டை. அதற்கும் ஒரு சிவப்பு வட்டம் போட்டுப் பக்கச் சுவரில் மாட்டினார்.

“நேரத்தப் பாத்தான், மூட்டைய வெச்சான், நடையக் கட்டிட்டான். உள்ள இருக்கிறவனுங்க எல்லாம் சும்மா பேருக்கு. இது பெரிய எடத்து வேலை.”

குண்டு வெடித்த பிறகு எவனாவது மூட்டையைக் கொண்டுவந்து வைப்பானா என்று கேட்டால், குரலைத் தாழ்த்திக்கொள்வார். “அதான் எனக்கும் சந்தேகம்.”

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மனிதர் நியாயஸ்தர். காலையில் அவருடன் வாக்கிங் போகும் நண்பர்களில் ஒருவர், கூரை மேல் ஒரு புறா இரண்டு படத்திலும் அசையாமல் இருக்கிறதே, அதற்கும் முன்பே தெரியுமோ என்று ஆரம்பித்தார். கண்ணாடிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “புறாவ விடுங்க. அது பாட்டுக்கு உக்காந்திருக்கு. ஆதாரம் இல்லாம ஒரு ஜீவனச் சந்தேகப்படக் கூடாது.”

காவல் நிலையத்துக்கும் படங்களோடு பலமுறை போனார். அவரைக் கண்டாலே பின்வாசல் வழியாக நழுவும் இன்ஸ்பெக்டர், ஒருநாள் வசமாக மாட்டிக்கொண்டு, “பேர் கண்டுபிடிச்சுட்டு வாங்க சார், நாங்களே விசாரிக்கிறோம்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்று முதல் கண்ணாடிக்காரர் அந்தப் பெயருக்காகவே உயிர் வாழ்ந்தார்.

பெயர் தானாகவே கடைக்கு வந்தது. அவருடைய மகளின் மாமியார், படிக்கும்போது எழுத்து மங்குகிறது என்று வந்து உட்கார்ந்தார். சம்பந்தியம்மாள் என்பதால் கூடுதல் மரியாதையுடன் சட்டத்தை மாட்டிவிட்டு, வழக்கம்போல் படத்தைக் காட்டினார்.

“தெரியுதா?”

“புகை மாதிரி இருக்கு.”

“இப்போ?”

“கொஞ்சம் பரவால்ல.”

“இதுல?”

“இதுல நல்லாத் தெரியுது. எங்க வீட்டுக்காரர்.”

கண்ணாடிக்காரர் கையிலிருந்த வில்லை தரையில் விழுந்து உருண்டது. “நல்லாப் பாத்துச் சொல்லுங்க சம்பந்தியம்மா.”

“இத்தன வருஷம் குடும்பம் நடத்தினவளுக்குத் தெரியாதா? இடுப்ப ஒரு பக்கமாச் சாச்சுக்கிட்டு அப்படி நிக்கிறதுக்கு ஒலகத்துலயே ஒருத்தர்தான். ஆமா, இவர் எதுக்கு அன்னிக்கு அங்க போனாரு? நீங்க எதுக்குச் சுத்தி வட்டம் போட்டிருக்கீங்க?”

முதல் கேள்விக்கு விடை வாங்க அந்த அம்மாள் உடனே வீட்டுக்குக் கிளம்பினார். ஒரு குவளைத் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வாங்கியும் விட்டார். ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு பேக்கரி இருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரரான சம்பந்தி அங்கே போய் ரகசியமாகக் கிரீம் பன் தின்றுவிட்டு, வீட்டில் நூலகம் போனதாகச் சொல்லியிருக்கிறார். “குண்டு வெடிச்ச எடத்துல நின்னதக்கூட மன்னிச்சிருவேன். கிரீம் பன்னா?” என்று அந்த அம்மாள் கேட்டது மூன்று தெருவுக்குக் கேட்டதாம்.

இரண்டாவது கேள்விக்கு விடை வாங்க மகள் வந்தாள், கையில் ஒரு கனத்த பையுடன்.

“அப்பா, மொதல்ல அந்தப் படத்தக் கழட்டுங்க.”

“எப்படிம்மா கழட்டுறது? பேர் கெடச்சா சொல்றேன்னு போலீஸ்ல வாக்குக் குடுத்திருக்கேன்.”

“மாமா பேரையா குடுக்கப் போறீங்க?”

“சம்பந்தின்னா ஆதாரம் மாறிடுமா?”

“நான் அந்த வீட்டுல வாழணும்ப்பா. அவர் நாளைக்கு நாலு பேர் முன்னாடி நடமாட வேணாமா? உங்க வாக்கிங் கூட்டத்துல ஒருத்தர் இப்பவே அவரப் பாத்து எதிர்ச்சாரிக்குப் போறாராம்.”

வாழ்க்கையில் முதல்முறையாக, ஓர் ஆதாரம் தப்பாக இருக்கக் கூடாதா என்று கண்ணாடிக்காரரின் மனம் ஏங்கியது. ஏங்கியதற்காகத் தன் மேலேயே சந்தேகப்பட்டார்.

மகள் பையைத் திறந்தாள். உள்ளே அவளுடைய திருமண ஆல்பமும் வீட்டில் கிடைத்த மற்றப் படங்களும் இருந்தன. “உங்க பூதக்கண்ணாடியால இதையும் பாருங்க.”

பார்த்தார். பதிவாளர் முன்னிலையில் மணமக்கள் கையெழுத்திடுகிறார்கள், எல்லாரும் அவர்களைப் பார்க்கிறார்கள், சம்பந்தி மணிக்கட்டைப் பார்க்கிறார். பேரனின் பிறந்தநாளில் கேக் வெட்டுகிறார்கள், சம்பந்தி மணிக்கட்டைப் பார்க்கிறார். கடற்கரையில் அலை முழங்கால் வரை ஏறுகிறது. கையில் கடிகாரமே இல்லை, வெறும் மணிக்கட்டைப் பார்க்கிறார். ஒரு குடும்பப் படத்தில்கூட அவர் முகம் நேராக விழவில்லை என்று சம்பந்தியம்மாள் புலம்பாத நாளில்லை.

“ஒத்திகையா இருக்கலாம்” என்றார் கண்ணாடிக்காரர், குரலில் வலுவில்லாமல்.

“என் கல்யாணத்துலயா? அப்ப அங்கயும் குண்டு வெச்சிருந்தாரா? கேக்குக்குள்ள வெச்சிருந்தாரா?”

அவர் ஆல்பத்தை மூடவில்லை. முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்த்தார். பிறகு எழுந்து, சம்பந்தியம்மாளுக்குப் போட்ட அதே வில்லையைத் தன் கண்ணில் மாட்டிக்கொண்டு, சுவரிலிருந்த இரண்டாவது படத்துக்கு முன்னால் போய் நின்றார். அவ்வளவு காலமும் பிறர் கண்ணுக்குத்தான் வில்லை மாற்றியிருக்கிறார். தன் கண்ணுக்கு மாற்றிப் பார்த்ததில்லை.

மூட்டைக்கு முழங்கை இருந்தது.

இன்னும் நெருங்கினார். மூட்டை தரையில் சுருண்டு, உள்ளங்கையால் இடது காதைப் பொத்திக்கொண்டிருந்தது.

“இங்க வாம்மா” என்றார். மகள் வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“அதுக்கப்புறம்தான் மாமாவுக்கு அந்தக் காது சுத்தமா கேக்கல. சளி எறங்கிடுச்சுன்னு சொன்னாரு. நாங்களும் நம்பி ஆவி புடிக்கச் சொல்லிட்டே இருந்தோம்.”

அன்று மாலை வாக்கிங் நண்பர்களின் குழுவுக்கு அவர் ஒரு செய்தி அனுப்பினார்: ‘கடிகாரக்காரன் என் சம்பந்தி. மூட்டையும் அவரே. அவர் அடிபட்டவர், அடித்தவர் அல்ல. புறாவைப் பற்றி முன்பு சொன்னதில் மாற்றமில்லை.’ உடனே பாதிப் பேர் சந்தேகப்பட்டார்கள். சொந்தக்காரரைக் காப்பாற்றுகிறார் என்றார் ஒருவர். உங்களையும் வாங்கிட்டாங்களா என்று கேட்டார் இன்னொருவர். “கடைக்கு வாங்க, ஒழுங்கான வில்லை போட்டுக் காட்டுறேன்” என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினார். இன்ஸ்பெக்டரிடமும் போய், பெயர் கிடைத்தது, ஆனால் தேவையில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். இன்ஸ்பெக்டர் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

சம்பந்தி வீட்டுக்குப் போவதுதான் பாக்கி. இந்த மனிதர் தன் வாயால் தன் தப்பை ஒத்துக்கொண்டு யாரும் கேட்டதில்லை. கண்ணாடி பொருந்தாவிட்டால்கூட, “மூக்கு சரியில்ல” என்றுதான் சொல்வார். போகிற வழியெல்லாம் முணுமுணுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார்.

சம்பந்தி வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பன்னுக்கான விசாரணை உள்ளே இன்னும் முடிந்தபாடில்லை. கண்ணாடிக்காரர் கைக்குக் கிடைத்த நாற்காலியை இழுத்து அவருக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னார்.

“சம்பந்தி, உங்களப் பத்தி எல்லார்கிட்டயும் தப்பாச் சொல்லிட்டேன். நீங்க பட்ட கஷ்டம் எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கவும் நெனைக்கல. தப்பு என் மேலதான்.”

சம்பந்தி இன்முகத்துடன் தலையாட்டினார்.

“ஆமாமா. வெயில் தாங்கலதான்.”

கண்ணாடிக்காரர் எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சம்பந்தியைச் சுற்றிப் போய், வலப்பக்கம் ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, “சம்பந்தி” என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.