ஊசி போட்ட மாடு

“ஊசி போட்ட மாட்டக் கழுகு தின்னலாமா? உனுக்கு நெசமா தெரியுமா, பாப்பா?”

கள்ளக்குறிச்சி மருந்துக்கடையில் எங்கள் பசுவின் கால்வீக்கத்துக்கு கடைக்காரர், அன்று செத்துப்போன மாட்டுக்குப் போட்ட அதே ஊசிமருந்தை எடுத்து வைத்ததும், அப்பாவின் பழைய கேள்வி நினைவுக்கு வந்தது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். “செத்த மாட்டுக்குள்ள மருந்து இன்னாப்பா பண்ணும்?” என்று சிரித்தேன். அப்பா என்னை நம்பி, மாட்டை மலைப்பாறையில் கொண்டுபோய்ப் போட்டார்.

மதியத்துக்குள் கழுகுகள் எலும்பை மட்டும் மிச்சம் வைத்தன. இரண்டு நாள் கழுத்துத் தொங்க மரத்தில் உட்கார்ந்திருந்து, ஒவ்வொன்றாகச் செத்து விழுந்தன. “வெயிலுப்பா” என்றேன்.

அந்த மருந்து கழுகின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று கல்லூரியில் படித்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை.

வேறு மருந்து வாங்கிக்கொண்டு, கடை வாசலிலேயே அப்பாவுக்குப் போன் போட்டேன். “ஊசி போட்ட மாட்டப் பத்திக் கேட்டியே, அன்னிக்கு எனுக்குத் தெரியாதுப்பா.”