அத்தானுக்குக் கொடுத்த குளுக்கோஸ்

அத்தானின் கைகள் நடுங்குவதை நான் முதலில் பார்த்தது அவருடைய கடையில்தான். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. பள்ளி விழாவுக்குப் புடவை எடுக்கப் போயிருந்தேன். மயில்கழுத்து நிறத்தில் ஒன்றை விரித்து, முந்தானையை என் முன்னால் நீட்டினார். சரிகை மினுக் மினுக்கென்று அசைந்துகொண்டே இருந்தது. மின்விசிறிக் காற்று என்று நினைத்தேன். ஆனால் அங்கே மின்விசிறியே இல்லை. அத்தனை ஏசி குளிரிலும் அவர் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து காதோரம் இறங்கியது. “என்ன அத்தான் இப்படி வேர்க்குது?” என்றேன். “காலையில இருந்து நிக்கம்லா, டீச்சர்” என்று சிரித்துவிட்டு அடுத்த புடவையை எடுத்தார்.

அவர் என் அக்காவின் கணவர். திருநெல்வேலிப் பக்கத்து ஊர்க்காரர். அடையாறில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் எனக்கு உயிரியல் ஆசிரியை வேலை கிடைத்தபோது, விடுதி எல்லாம் வேண்டாம் என்று சைதாப்பேட்டையில் இருந்த தன் இரண்டு அறை வீட்டிலேயே என்னைத் தங்க வைத்தவர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘டீச்சர்’தான். அந்த வருடம் அவர் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார். ஆனாலும் மெலிந்துகொண்டே போனார். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார். எதிரே உட்கார்ந்தால் கழுத்து நரம்பு துடிப்பது தெரியும். கடையில் சிலர் அவர் குடிக்கிறார் என்று பேசியதாகக் கேள்விப்பட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்க முடியாமல் கால்களைத் தடவிக்கொண்டு கிடந்தார். சாயங்காலம் தானாகச் சரியாகிவிட்டது. “உண்ட மயக்கம்” என்று அக்கா சொல்ல, மூவரும் சிரித்தோம். உடம்பு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. ஹார்மோன் பாடம் நடத்துகிற நானும் அதைக் காதில் வாங்கவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் காலை அக்காவின் கூச்சல் கேட்டு ஓடினேன். அத்தான் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். முகம் தெளிவாக இருந்தது. பேச்சும் தெளிவாக இருந்தது. “டீச்சர், இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே என் சொல்லுக் கேக்க மாட்டேங்கு” என்றார். முந்தின நாள் முழுக்க அதிரசமும் முறுக்கும் லட்டுமாகத் தின்றிருந்தார். களைப்பு, சத்துக் குறைவு என்று என் புத்திக்குப் பட்டது. குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துத் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கைகள் தொய்ந்தன. இன்னொரு டம்ளர் கொடுத்தேன். கழுத்து நிற்கவில்லை. மூன்றாவது டம்ளர் பாதி உள்ளே போனபோது, “மூச்சு மேலோட்டமா போவுது” என்று வார்த்தை வார்த்தையாகச் சொன்னார்.

தெருமுனை ஆட்டோக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து தூக்கினார்கள். பட்டாசுக் குப்பை மேல் வண்டி ஓடியது. அத்தானின் தலை என் தோளில் விழுந்து விழுந்து உருண்டது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். “தலைய நல்லா புட்சிக்கம்மா. மூச்சு கீதா பாரு. பேச்சு குட்த்துக்கினே இரு, தூங்க வுடாத” என்றார். அக்கா முன்னால் குனிந்து கடவுளை அழைத்துக்கொண்டிருந்தாள். நான் அத்தானின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே போனேன்.

மருத்துவமனையில் செவிலி ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டுக் குழாயைச் செருகப் போனார். இதயத் துடிப்பு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா திரும்பினார். “அது என்ன, குளுக்கோஸா? எடுங்க அதை! ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது!”

அக்கா மருந்துச் சீட்டோடு வெளியே ஓடியிருந்தாள்.

டாக்டரம்மா எனக்குச் சொன்னது எல்லாம் எனக்குத் தெரிந்த பாடம்தான். வருடா வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டியதுதான். ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கொழுப்பாலான ஒரு மெல்லிய சவ்வு. எல்லாவற்றாலும் அதைக் கடந்துவிட முடியாது. அதில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் வாசல்கள். அவற்றில் ஒன்று ஓயாத இறைப்பான். சோடியத்தை வெளியே தள்ளும், பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கிற அந்த வித்தியாசத்தில்தான் தசை அசைகிறது, இதயம் துடிக்கிறது. அத்தானுக்குத் தைராய்டு மிதமிஞ்சிச் சுரந்திருந்தது. அதன் கட்டளையில் இறைப்பான்கள் ஏற்கெனவே வெறிபிடித்து ஓடிக்கொண்டிருந்தன. இனிப்பு போனால் இன்சுலின் வரும். இன்சுலின் செல்லுக்குள் நுழைவதில்லை. சவ்வின் வெளிப்பக்கம் இருக்கும் ஏற்பியைத் தொடும், அவ்வளவுதான். செய்தி உள்ளே போய்விடும். இறைப்பான் இன்னும் வேகமாக இழுக்கும். இரத்தத்தில் இருந்த பொட்டாசியம் செல்களுக்குள் புகுந்துகொள்ள, தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். “கால், கை, அப்புறம் மூச்சு” என்றார் டாக்டரம்மா. “இனிப்பா ஏதாவது குடுத்தீங்களா?”

“நான்தான். ரெண்டரை டம்ளர் குளுக்கோஸ்.”

அவர் என்னைத் திட்டவில்லை. பொட்டாசியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற முடியும் என்றார். உள்ளே போனது எல்லாம் திரும்பி வெளியே வரும். நாம் அவசரப்பட்டு அதிகம் கொடுத்துவிட்டால் இதயம் நின்றுவிடும் என்றார். திரையில் ஓடிய பச்சைக் கோட்டைப் பார்த்தபடி நின்றேன். அத்தானுக்கு நினைவு தப்பவே இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். மதியம் மூன்று மணிக்கு இடது கால் கட்டைவிரல் அசைந்தது.

மறுநாள் அக்கா அவருக்கு இட்லி ஊட்டிக்கொண்டே, “நல்ல வேளை, இவ குளுக்கோஸாவது கரைச்சுக் குடுத்தா. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் அதுதான் உங்களத் தாங்கிச்சு” என்றாள். அத்தான் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். “ஆமா, டீச்சர் இருந்தாவளோ, பொழைச்சேனோ” என்றார். அவர் குரலில் கேலி துளியும் இல்லை. எனக்காகச் சொன்னார். அக்காவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தைராய்டு அடங்கிவிட்டால் இது திரும்ப வராது, மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். மாத்திரையைப் பற்றி மட்டும் வீட்டில் பேசினோம்.

இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. உடம்பு தேறியது. பெல்ட் பழைய ஓட்டைக்குத் திரும்பியது. எப்போது மாத்திரையை நிறுத்தினார் என்று அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதற்குள் எனக்குக் கல்யாணமாகி கொட்டிவாக்கம் போயிருந்தேன்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு அக்காவும் அத்தானும் ஊருக்குப் போயிருந்தார்கள். காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. காரின் இரைச்சல். “ஏளா, அன்னைக்கு மாதிரியே ஆயிட்டு. காலு வரல. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம். நீ பயப்படாத, குளுக்கோஸ் குடுத்துட்டேன். நாலு டம்ளர். இன்னும் கரைச்சுக் கையில வச்சிருக்கேன்.”

“குடுக்காத! இனிமே எதையும் குடுக்காத! ஆஸ்பத்திரியில நுழைஞ்சதும் பொட்டாசியம்னு சொல்லு, அக்கா!” என்று கத்தினேன். “சரிளா, சரிளா” என்றாள். பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. அவரைக் கூப்பிடுவது மட்டும் கேட்டது. ஊர் எல்லை தாண்டி ஏதோ ஒரு ரயில்வே கேட்டில் கார் நின்றிருந்த நேரத்தில் மூச்சு நின்றதாகப் பின்னால் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, அக்கா அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“போன்ல ஏன் குடுக்காதன்னு கத்துன?”

பதில் தேட எனக்கு இரண்டு வருடம் இருந்தது. அதைச் செலவழித்துவிட்டிருந்தேன். சொன்னேன். முதல் டம்ளரிலிருந்து டாக்டரம்மா சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா அழவில்லை. மடித்த சட்டையை மறுபடி விரித்து, மறுபடி மடித்தாள்.

“இது அவருக்குத் தெரியுமா?”

“தெரியும். கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு.”

அவள் அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். இன்றும் வகுப்பில் சவ்வின் படத்தை வரைந்து, வாசல்களுக்கு அம்புக்குறி போடும்போதெல்லாம் எனக்குக் கேட்பது அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான்.

“ஊருல அன்னைக்கு நான் முதல் டம்ளரை நீட்டும்போதே வேண்டாம்னுதான் சொன்னாரு. ‘ஏன்’னு கேட்டேன். என் முகத்தையே பாத்தாரு, பதில் சொல்லல. ‘ஒங்க டீச்சர் குடுத்தா மட்டும் குடிப்பீயளோ’ன்னு கேட்டேன். வாயத் தொறந்து குடிச்சிட்டாரு.”