மண்ணைத் தொடக்கூடாத செயின்

மேட்டுப்பாளையத்தில் மூடப்போகிற ஒரு கடையில், மரம் அறுக்கும் மிஷினுக்கான செயின் ஒரு முழு ரோல் மலிவாகக் கிடைத்தது. பல்லைப் பார்க்காமலே வாங்கிவிட்டேன்.

அப்போது நீலகிரி மலையில் மஞ்சூரில் கடை போட்ட புதிது. பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒற்றை ஷட்டர். ஆயில் கலந்த பெட்ரோல் வாசம், ஈர யூக்கலிப்டஸ் பட்டை வாசம், வெயில் ஏறும்வரை கடைக்குள்ளேயே வந்து நிற்கும் பனிமூட்டம்... அதற்குள் உட்கார்ந்து மிஷின் ரிப்பேர் பார்ப்பேன், செயினுக்கு அரம் போடுவேன். கையில் இருந்த முதல் மொத்தமும் அந்த ரோலில் போய்விட்டது. அது விற்காவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு, மறுபடி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான்.

வழக்கமான செயினில் பல்லின் உட்பக்கம் வளைவாக இருக்கும். வட்ட அரத்தை உள்ளேயிருந்து வெளியே நாலு தள்ளு தள்ளினால் கூர் வந்துவிடும். இந்த ரோலில் ஒவ்வொரு பல்லும் உளியைப் போலச் சதுரமாக மூலை கட்டியிருந்தது. அது வேறு ரகம் என்றுகூட எனக்கு அன்று தெரியாது.

முதலில் வாங்கிப் போனவன் ஜெயராஜ். மரம் ஏறி வெட்டும் காண்ட்ராக்ட்காரன். என்னைவிடக் கொஞ்சம் சின்னவன். சாயங்காலமே வந்து நின்றான்.

“அண்ணே, சில்வர் ஓக்கு வாழத்தண்டு மாதிரி போகுதுண்ணே!”

இரண்டே நாளில் கூர் போயிற்று. வழக்கம்போல வட்ட அரம் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலையில் பஜாரே கேட்கிற மாதிரிக் கத்தினான்.

“என்னண்ணே செஞ்சு வச்சிருக்கீங்க? அறுக்கவே மாட்டேங்குது, தூளாக் கொட்டுது. உப்புமா கிண்டத்தான் ஆகும்!”

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதோடு அந்த செயினைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

போனில் தேடிப் பார்த்தேன். எங்கோ வெளிநாட்டில், தாடிக்காரர் ஒருவர் அதே பல்லுக்கு அரம் போடும் வீடியோ. பேச்சு புரியவில்லை, கை புரிந்தது. வட்ட அரம் அல்ல, பட்டை பட்டையாக விளிம்பு வைத்த தனி அரம். அதுவும் வெளியேயிருந்து உள்ளே தள்ளுகிறார்.

அரத்தை வரவழைத்தேன். ஆனால் பழகிய கை கேட்க வேண்டுமே... மூளை உள்ளே தள்ளு என்றால் மணிக்கட்டு வெளியே தள்ளியது. அரத்தின் மூலை பல்லின் மூலையில் சரியாக உட்கார வேண்டும். மயிரிழை விலகினாலும் அந்தப் பல் வீண். முதல் செயினை அப்படியே தேய்த்துத் தீர்த்தேன்.

அரம் எங்கே படுகிறது என்று கண்ணுக்குத் தெரியாததுதான் சிக்கல். மகளின் நெயில் பாலிஷை எடுத்து வந்து பல் பல்லாகச் சிவப்புப் பூசினேன். அரம் பட்ட இடத்தில் சாயம் போகும், படாத இடத்தில் நிற்கும். இப்போது தெரிந்தது!

டீ எஸ்டேட்டில் இலை பறித்துவிட்டு வந்த மல்லிகா, என் வீட்டுக்காரி, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஏனுங்க, கட்டுனவளுக்கு ஒரு நாளாச்சும் பூசி உட்டிருப்பீங்களா? இரும்புக்கு வந்த வாழ்வப் பாருங்க!”

ஒரு வாரம் போயிற்று. அரம் போட்ட செயினை மிஷினில் மாட்டி, கடைக்குப் பின்னால் கிடந்த கட்டையில் வைத்தேன்... தூள் இல்லை. நீள நீளமாகச் சீவல் பறந்தது.

அந்தக் காற்று மாதத்தில்தான் ஓர் எஸ்டேட்டில் மூன்று சில்வர் ஓக் மரங்கள் தொழிலாளர்களின் லயன் வீடுகளின் மேல் சாய்ந்து நின்றன. நடுவில் கரண்ட் கம்பி. ஒரே பகல்தான் கரண்டை நிறுத்துவார்கள். வேலை ஜெயராஜுக்கு. என் செயினைப் போடச் சொன்னேன்.

“அண்ணே, பாதில செயின் மொட்டையாச்சுன்னா மரம் கூர மேல தொங்கிட்டு நிக்கும். அப்பறம் நீங்களும் நானும் ஒரே பஸ்ல திருப்பூர் போவோம்.”

“டிக்கெட் நான் எடுக்கறேன். நீ ஏறு.”

ஏறினான். கீழே நான், கையில் வழக்கமான வட்டப்பல் செயின் ஒன்றோடு. இது கைவிட்டால் அது. கிளை கிளையாகக் கயிற்றில் இறங்கியது. மதியத்துக்குள் இரண்டு மரம் அடிக்கட்டை வரை முடிந்தது. மூன்றாவதும் பாதிக்கு மேல் இறங்கியதும், அவன் கீழே வந்து அடிக்கட்டையை மண்ணோடு ஒட்டி அறுக்கக் குனிந்தான்.

“டேய், நிறுத்து! பல்லு மண்ணுல படும்!”

“தரையோட அறுக்கலைன்னா சூப்பர்வைசர் கத்துவாருண்ணே. இலை எடுக்கற பொம்பளைங்க தடுக்கி உழுவாங்க.”

அப்போதுதான் உறைத்தது. மலையில் எல்லாரும் அடிக்கட்டையை மண்ணோடுதான் அறுப்பார்கள். இந்தப் பல்லுக்கு மண் ஒருமுறை பட்டால் போதும், கூர் போய்விடும்; வட்டப்பல் ஓரளவு தாங்கும். ஜெயராஜ் வாங்கிய முதல் செயின் இரண்டு நாளில் செத்ததும் அதனால்தான்.

நின்ற மரத்தை முழங்கால் உயரத்தில் சதுரப்பல்லால் சாய்க்கச் சொன்னேன். பிறகு செயினைக் கழற்றி வட்டப்பல்லை மாட்டினேன். மூன்று அடிக்கட்டையும் மண்ணோடு போனது. கரண்ட் வருவதற்குள் ஜெயராஜ் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

பங்களா மாடியில் நின்று பார்த்த எஸ்டேட் மேனேஜர், எங்கள் பேச்சில் தொரை, மறுநாள் என்னைக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார்.

அந்த ரோல் எப்போதோ தீர்ந்தது. இப்போது கடைக்கு இரண்டு ஷட்டர். வட்டப்பல்லுக்கு மிஷின் வாங்கிவிட்டேன். சதுரப்பல்லுக்கு இன்றும் கைதான். மல்லிகா இலை பறிப்பதை விட்டுவிட்டு எதிர் மேஜையில் அரம் போடுகிறாள். அவள் தீட்டும் மூலை என்னுடையதைவிட நேர். எமரால்டு, ஓவேலி ஊர்களிலிருந்தும் பையன்கள் பல்லைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள், “அண்ணா, இது சரியா?” என்று. அன்று எனக்கு அப்படிக் கேட்க ஓர் ஆள் இல்லை... பரவாயில்லை, இவர்களுக்கு இருக்கிறது.

தொரை ஆள் அனுப்பிய அன்று அவரிடம் பேசி முடித்தது இதுதான்: எஸ்டேட் மிஷின் அத்தனைக்கும் அரம் என் கடையில். வட்டப்பல் செயின் அறுபது ரூபாய், சதுரப்பல் நூற்றிருபது. மண்ணில் பட்டு வந்தால் இரட்டிப்பு. மாதக் கடைசியில் ரொக்கம், கடன் கிடையாது.