இத்தாலி ஒயினும் என் மேல் விழுந்த காடிப் பழியும்

அந்த ஒயின் ஏஜெண்டு பொய்யர். தெரிந்தே என்னைத் திருடன் என்றார்.

இங்கிலாந்து அரசரின் வெள்ளிவிழா நடந்த வருஷம், அடையாற்றில் ஒரு துரை பங்களாவில் நான் பட்லர். ஒரு ஞாயிறு மத்தியான விருந்துக்கு இத்தாலி வெள்ளை ஒயின் ஒரு பெட்டி வாங்கியிருந்தோம். அந்த ஒயின் வரும் திராட்சைத் தோட்டத்தில் தகப்பனுக்குப் பிறகு மகன் வந்து, புதுக் கொடி நட்டு, வருஷா வருஷம் சரக்கை மேம்படுத்துகிறானாம். விற்ற ஏஜெண்டு நம்மூர்க்காரர். அவரும் விருந்துக்கு வந்திருந்தார்.

துரை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ஒரே புளிப்பு. பாட்டிலை முன்கூட்டியே திறந்து ஐஸில் வைத்தவன் நான். அதைப் பிடித்துக்கொண்டார் ஏஜெண்டு. நான் பாதியைக் குடித்துவிட்டுக் காடி, அதாவது வினிகர், ஊற்றி நிரப்பிவிட்டேன் என்று துரையிடம் இங்கிலீஷில் சொன்னார். என் பக்கம் திரும்பி, "இன்னாடா, ஏப்பம் வருதா?" என்றார்.

பட்லருக்குச் சொத்து துரைமார் எழுதித் தரும் நற்சாட்சிக் கடிதம்தான். திருடன் என்று ஒருவர் எழுதிவிட்டால் மெட்ராஸில் எந்த பங்களாவும் சேர்க்காது. எனக்கு மூன்று பெண்கள்.

சீல் உடையாத இன்னொரு பாட்டிலைத் துரை கண்ணெதிரே திறந்தேன். தக்கை காய்ந்து தூளாக உதிர்ந்தது. அதுவும் புளிப்பு.

"இந்த வருஷம் புதுப் பக்குவம். அப்டித்தான் கீது" என்று மழுப்பினார் ஏஜெண்டு.

"உங்க கெடங்குல நான்தானே சார் எடுத்தாந்தேன். தகரக் கூரைக்கடியில சோடா பாட்டில் கணக்கா நிக்க வச்சிருந்தீங்களே."

"உனுக்கு இன்னா தெரியும்? தட்டு கழுவப் போ."

பாட்டிலைப் படுக்க வைத்தால்தான் தக்கை நனைந்திருக்கும், காற்று புகுந்து ஒயின் புளிக்காது. இது எனக்கே தெரியும். இரண்டு மாதம் முன்பு அவர் மாதிரிக்குத் தந்த ஒரு பாட்டிலை ஈர மணலில் படுக்க வைத்திருந்தேன். எடுக்க ஓடினேன்.

"நைனா, இதுவும் புளிச்சுதுன்னா ரெண்டு பேரும் ரிக்‌ஷா இஸ்துக்கினு போவ வேண்டியதுதான்" என்றார் சமையல்காரர்.

துரை குடித்தார். கிளாஸை என்னிடம் நீட்டினார். அதுவரை நான் குடியைத் தொட்டதில்லை. எலுமிச்சைத் தோல் வாசனை, நுங்குத் தண்ணீரின் இனிப்பு, கடைசியில் நாக்கில் லேசாக உப்பு. அதே தோட்டம், அதே வருஷம், அதே லேபிள்.

வேலை தப்பியது. ஏஜெண்டு தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தார். ஆனால் வெளியே போய் அதே காடிக் கதையைப் பரப்பினார்; இதுவரை திருத்தவில்லை. மயிலாப்பூர் மார்க்கெட்டில் இன்றைக்கும் என்னைக் 'காடி பட்லர்' என்கிறார்கள்.

நிரூபித்தால் பழி போய்விடும் என்று நம்பினேன். பழி சொன்னவர் வாயால் மறுக்கும்வரை அது போகாது என்று இப்போது தெரிகிறது. ஏஜெண்டு ஐயா, நீங்கள் இந்தப் பத்திரிகை வாசிப்பவர். நான் காடி ஊற்றினேனா, நீங்கள் சரக்கைக் கெடுத்தீர்களா? இதே பக்கத்தில் பதில் எழுதுங்கள்.